சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு: தூரம், நேரம், ஆவணம், செலவு

ஊரிலிருந்து அப்பா அம்மாவை டொராண்டோவுக்கு வரவழைக்கப் போகிறவர்களுக்காகவும், முதன்முறையாகத் தனியாகக் கிளம்புகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என் பெற்றோருக்காக இந்த வேலையைச் செய்தபோது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "பதினெட்டு மணி நேரம்தான்" என்றார் ஒருவர், "ரெண்டு நாள் ஆகும்" என்றார் இன்னொருவர். இரண்டுமே ஒரு வகையில் சரி. எதை எங்கிருந்து கணக்கிடுகிறோம் என்று தெரிந்தால்தான் டிக்கெட்டும், இடைவழி விசாவும், பெட்டியும் ஒழுங்காக அமையும். அதனால் வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. தூரத்தையும் நேரத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்

பூமிப் பந்தின் மேல் நேர்கோடாக அளந்தால் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் சுமார் 13,400 கி.மீ. அந்தக் கோடு மத்திய ஆசியாவைத் தாண்டி, ஆர்க்டிக் கடல் பக்கமாக ஏறி, கனடாவில் இறங்குகிறது. அந்தக் கோட்டில் நேராகப் பறக்கும் விமானம் கிடையாது. சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு எங்கேயாவது ஒரு முறை மாறித்தான் ஆக வேண்டும். மாறும் ஊரைப் பொறுத்துத் தூரம் கொஞ்சம் கூடும்:

லண்டன் வழி: 8,200 + 5,700, மொத்தம் சுமார் 13,900 கி.மீ.
ஃபிராங்க்ஃபர்ட் வழி: 7,600 + 6,300, ஏறக்குறைய அதே 13,900.
துபாய் வழி: 2,900 + 11,100, சுமார் 14,000.
டெல்லி வழி: 1,760 + 11,650, சுமார் 13,400.

பார்த்தீர்களா, எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அறுநூறு கிலோமீட்டர் என்பது விமானத்துக்கு முக்கால் மணி நேரம். ஆகவே "எது கிட்ட" என்று வரைபடத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நேரத்துக்கு வருவோம். விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் என்று வைத்து வகுத்தால் பதினைந்தரை மணி நேரம் வரும். அட்டவணையில் அப்படி இருக்காது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, சில நாடுகளின் வான்வெளியைச் சுற்றிப் போவது எல்லாம் அட்டவணை நேரத்துக்குள் அடக்கம். அதோடு, நடு அட்சரேகைகளில் உயரத்தில் வீசும் வேகமான காற்று மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. கனடாவுக்குப் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. குளிர்காலத்தில் அதன் வேகம் இன்னும் அதிகம். அதனால் லண்டன் – டொராண்டோ போகும்போது எட்டு மணி நேரம், வரும்போது ஏழு. துபாய் – டொராண்டோ போக சுமார் 14, வர 13-க்குள்.

கைக்கணக்கு வேண்டுமானால், மொத்தத் தூரத்தைப் போகும்போது 750 ஆலும் வரும்போது 820 ஆலும் வகுங்கள். போக 18½ மணி, வர 17 மணி. இது விமானத்துக்குள் இருக்கும் நேரம் மட்டும். இடையில் காத்திருக்கும் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தையும் சேர்த்தால் போகும்போது 20½ – 22½ மணி, வரும்போது 19 – 21 மணி.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு என்றால் கணக்கு வேறு. சென்னைக்குள் விமான நிலையம் போக ஒரு மணி, அங்கே புறப்பாட்டுக்கு மூன்றரை மணி முன்பே இருப்பது, இறங்கியபின் குடியேற்றச் சோதனையும் பெட்டியும் இரண்டு மணி, அங்கிருந்து டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்கோ பக்கத்து ஊரான மார்க்கத்துக்கோ காரில் ஒரு மணி. முப்பது மணி நேரம் ஆகிவிடும். மதுரையிலிருந்து காரில் வருகிறவர்களுக்கு இன்னும் எட்டு, ஒன்பது மணி கூடும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த முப்பது, நாற்பது என்ற எண்தான் முக்கியம். ஊரிலிருந்து வருகிறவர்கள் முந்தின நாளே சென்னைக்கு வந்து உறவினர் வீட்டில் தூங்கி எழுந்து கிளம்பட்டும்.

2. கடிகாரக் கணக்கைச் சரியாகப் போடுங்கள்

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். டொராண்டோ கோடையில் நம்மை விட 9½ மணி பின்னால், குளிர்காலத்தில் 10½ மணி பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். அந்த ஞாயிறுகளையொட்டிப் பயணம் என்றால் அட்டவணையை இன்னொரு முறை பாருங்கள்.

உதாரணம்: சென்னையில் காலை 5.30-க்குக் கிளம்பி அதே நாள் மாலை 6 மணிக்கு டொராண்டோவில் இறங்குவதாக டிக்கெட் சொல்கிறது. பார்க்கப் பன்னிரண்டரை மணி நேரம் போலத் தெரியும். கோடையில் அதோடு 9½ கூட்டுங்கள்: 22 மணி நேரம். திரும்பும்போது கழிக்க வேண்டும். திங்கள் மாலை 6.30-க்குக் கிளம்பி புதன் அதிகாலை 3.30-க்குச் சென்னை என்றால் கடிகாரத்தில் 33 மணி, அதில் 9½ போக 23½. திரும்பி வரும் பயணத்தில் பெரும்பாலும் இரண்டு தேதி தள்ளித்தான் சென்னையில் இறங்குவீர்கள். ஊரில் கல்யாணம், காதுகுத்து என்று நாள் குறித்திருந்தால் இதைக் கணக்கில் வையுங்கள்.

இதைவிடப் பெரிய பொறி நள்ளிரவுக்குப் பிந்தைய விமானம். சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் நிறைய இரவு பன்னிரண்டுக்கும் காலை ஆறுக்கும் இடையில்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் "15ஆம் தேதி 01.40" என்று இருந்தால் 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி இரவு போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். பெற்றோருக்கு எழுதிக் கொடுக்கும்போது "14ஆம் தேதி, செவ்வாய் இரவு 9 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பணும்" என்று கிழமையோடு எழுதுங்கள். டிக்கெட்டை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு விடாதீர்கள்.

3. பாஸ்போர்ட், விசா, அப்புறம்தான் டிக்கெட்

விசா வருவதற்கு முன் பணம் திரும்பாத டிக்கெட்டை எடுக்காதீர்கள். விலை ஏறிவிடுமே என்ற பயம் எல்லாருக்கும் இருக்கும். ஏறினால் சில ஆயிரம்தான் போகும், விசா வராவிட்டால் முழுத்தொகையும் போகும்.

முதலில் பாஸ்போர்ட். கனடா விசா அதிகபட்சம் பத்து ஆண்டு கொடுப்பார்கள், ஆனால் பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டிக் கொடுக்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் ஒன்றிரண்டு ஆண்டுதான் மிச்சம் என்றால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது.

பெற்றோருக்கு இரண்டு வழி. சாதாரண வருகையாளர் விசாவில் ஒரு முறை நுழைந்தால் பொதுவாக ஆறு மாதம் தங்கலாம். சூப்பர் விசாவில் ஒரே நுழைவில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். இரண்டுக்கும் விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 100 கனேடிய டாலர், கைரேகைக்கு 85 டாலர். குடும்பமாக ஒன்றாக விண்ணப்பித்தால் கைரேகைக் கட்டணம் மொத்தம் 170-ஐத் தாண்டாது. கொடுத்த கைரேகை பத்து ஆண்டுக்குச் செல்லும். இதை எழுதும்போது உள்ள கட்டணம் இது, கட்டுவதற்கு முன் கனடா குடியேற்றத் துறையின் தளத்தில் ஒரு முறை சரிபாருங்கள்.

சூப்பர் விசாவுக்குக் கூடுதலாகக் கேட்பவை: கனடாவில் இருக்கும் பிள்ளையின் அழைப்புக் கடிதம், குடும்ப அளவுக்கேற்ற குறைந்தபட்ச வருமானத்துக்குச் சான்று, உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் உடல் பரிசோதனை, குறைந்தது ஓராண்டுக்கு ஒரு லட்சம் கனேடிய டாலர் மருத்துவக் காப்பீடு. காப்பீட்டுக்கு விலை விசாரித்த தாள் போதாது, பணம் கட்டிய பாலிசியே வேண்டும். வயதும் உடல்நிலையும் பொறுத்து இந்தக் காப்பீட்டுச் செலவு விமான டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், ஆகவே முதலிலேயே பட்ஜெட்டில் சேருங்கள். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் வாங்குங்கள். பயணத் தேதி மாறினால் காப்பீடு தொடங்கும் தேதியையும் மாற்றச் சொல்லுங்கள், இது பலருக்கு நினைவிருப்பதில்லை.

தமிழ்க் குடும்பங்களில் அதிகம் சிக்கல் கொடுப்பது பெயர். அப்பாவின் பெயர் ஒரு சான்றிதழில் இனிஷியலோடும், பாஸ்போர்ட்டில் விரித்தும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்திலும் இருக்கும். எல்லாம் ஒருவர்தான் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து இணைத்துவிடுங்கள். தமிழில் மட்டும் இருக்கும் சான்றிதழ்களுக்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், கனடா விண்ணப்பத்தில் முழுப்பெயரையும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதி மற்றதைக் காலியாக விட வேண்டும். விமான டிக்கெட்டில் எப்படி நிரப்புவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டும் முன் அவர்களையே அழைத்துக் கேளுங்கள். டிக்கெட் போட்டபிறகு பெயர் திருத்துவது செலவும் அலைச்சலும் பிடித்த வேலை.

விண்ணப்பம் இணையத்தில். கைரேகைக் கடிதம் வந்தால் 30 நாளுக்குள் விசா விண்ணப்ப மையத்தில் நேரம் வாங்கிப் போய்க் கொடுக்க வேண்டும். அனுமதி வந்தபின் பாஸ்போர்ட்டை அதே மையத்தில் கொடுத்து விசாவை ஒட்டி வாங்க வேண்டும். இதற்கு எத்தனை வாரம் என்று அவ்வப்போது மாறுவதால், பயண மாதத்துக்கு நாலைந்து மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

4. வழியைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். விலையைப் பார்ப்பதற்கு முன் பயணம் எப்படித் துண்டாகிறது என்று பாருங்கள்.

ஐரோப்பா வழியில் முதல் துண்டு பத்தரை மணி, இரண்டாவது எட்டு மணி. நடுவில் எழுந்து நடந்து, முகம் கழுவி, இன்னொரு விமானம். மூட்டு வலியோ கால் வீக்கமோ உள்ளவர்களுக்கு இது நல்லது என்பது என் அபிப்பிராயம். வளைகுடா வழியில் முதலில் நான்கு மணி, அப்புறம் ஒரே மூச்சில் 14 மணி. தூங்கத் தெரிந்தவர்களுக்கு அந்த நீண்ட துண்டு வசதி. உட்கார முடியாதவர்களுக்கு அது கொடுமை. ஆனால் சென்னை – வளைகுடா விமானத்தில் பக்கத்து இருக்கையில் தமிழ் பேசுகிறவர் இருக்க வாய்ப்பு அதிகம். தனியாக வரும் அம்மாவுக்கு அது பெரிய தைரியம்.

டெல்லி வழியில் மொழிப் பிரச்சினை குறைவு, வெளிநாட்டில் மாற வேண்டியதில்லை. ஆனால் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியபின் டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் இந்திய விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. எரிபொருளுக்காக வியன்னாவிலோ கோபன்ஹேகனிலோ இறங்கிப் போனவையும் உண்டு. "நேரடி" என்று எழுதியிருந்தாலும் நடுவில் நிறுத்தம் இருக்கிறதா, மொத்தம் எத்தனை மணி என்று டிக்கெட் எடுக்கும் நாளில் பாருங்கள். வளைகுடாவுக்கும் இது பொருந்தும். 2025 ஜூன் 23 அன்று கத்தார் வான்வெளியை மூடியபோது தோஹா வழியாகப் போக இருந்தவர்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். அந்த மாதிரி நேரங்களில் செய்தியைக் கவனித்து வழியை முடிவு செய்யுங்கள்.

இரண்டு முறை மாறும் டிக்கெட்டுகள் விலை குறைவாகத் தெரியும். வயதானவர்களுக்கு வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்திலும் இன்னொரு பாதுகாப்புச் சோதனை, இன்னொரு நுழைவாயில், பெட்டி தவற இன்னொரு வாய்ப்பு. மொத்தம் முப்பத்தைந்து மணியைத் தாண்டிவிடும்.

5. இடைவழி விசா வேண்டுமா என்று பாருங்கள்

பலரும் சறுக்குவது இங்கே. "விமான நிலையத்துக்கு வெளியே போகப் போவதில்லை, எதற்கு விசா?" என்று நினைக்கிறோம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அப்படி இல்லை.

அமெரிக்கா: நியூயார்க், நியூவர்க், சிகாகோ எதுவானாலும் அங்கே இறங்கினால் குடியேற்றச் சோதனையைக் கடந்தே ஆக வேண்டும். சும்மா மாறிப் போகவும் அமெரிக்க விசா வேண்டும். கனடா விசா அதற்கு உதவாது. என் பெற்றோருக்கு ஒரு முகவர் ஆர்வமாகக் காட்டிய மலிவு டிக்கெட் நியூவர்க் வழிதான். விசாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அமெரிக்க விசா கையில் இல்லாதவர்கள் தேடலிலேயே அந்த வழிகளை நீக்கிவிடுங்கள்.

பிரிட்டன், ஜெர்மனி: செல்லுபடியாகும் கனடா விசா இருந்தால், விமான நிலையத்துக்குள்ளேயே மாறிப் போகத் தனி இடைவழி விசா தேவையில்லை என்ற விலக்கு உண்டு. இதில் ஒரு நுட்பம்: திரும்பி வரும் நாளிலும் கனடா விசா செல்லுபடியில் இருக்கிறதா என்று பாருங்கள். விசாவில் போட்டிருக்கும் தேதி கனடாவுக்குள் நுழையக் கடைசி நாள். நீண்ட நாள் தங்குகிறவர்களுக்கு அங்கே இருக்கும்போதே அது முடிந்துவிடலாம். கனடாவில் தங்குவதற்கு அதனால் பாதகம் இல்லை, ஆனால் லண்டன் வழித் திரும்பும்போது கேள்வி வரும். விதிகள் மாறக்கூடியவை, ஆகவே டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் நாளில் அந்தந்த நாட்டின் அரசு தளத்தைப் பாருங்கள்.

வளைகுடா நகரங்கள்: உள்ளேயே மாறினால் விசா வேண்டாம். வெளியே போய் ஊர் பார்க்கவோ ஓட்டலில் தங்கவோ வேண்டுமானால் அந்தந்த நாட்டின் விசா விதியைப் பாருங்கள்.

6. எல்லாம் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கட்டும்

சென்னை – டெல்லி ஒரு நிறுவனத்தில், டெல்லி – டொராண்டோ இன்னொரு நிறுவனத்தில் என்று தனித்தனியாக எடுத்தால் ஐந்தாயிரம், பத்தாயிரம் மிச்சமாகலாம். ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை, புதிதாக டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். உள்நாட்டு விமானத்தில் பெட்டிக்குப் பெரும்பாலும் 15 கிலோதான், கையில் இருக்கும் 46 கிலோவுக்கு (23 கிலோ வீதம் இரண்டு பெட்டி) அங்கேயே கூடுதல் கட்டணம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இப்படிப் பிரித்து எடுத்தால் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டும், வெளியே வர ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும். விசா இல்லையென்றால் சென்னையிலேயே ஏற்ற மாட்டார்கள்.

ஒரே பி.என்.ஆர். இருந்தால் பெட்டி டொராண்டோ வரை நேராகப் போகும், இணைப்பு தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றுவது அவர்கள் கடமை. நீண்ட தாமதத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்திலும் கனடாவிலும் இழப்பீட்டு விதிகள் இருக்கின்றன. விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள, பாதுகாப்புக்காக அல்லாத காரணத்தால் ஒன்பது மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் கனடா விதிப்படி பெரிய நிறுவனங்கள் 1,000 கனேடிய டாலர் தர வேண்டும். போர்டிங் பாஸைத் தூக்கி எறியாமல் வையுங்கள்.

எந்த நிறுவனம் விற்கிறது என்பதோடு எந்த நிறுவனம் ஓட்டுகிறது என்றும் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் எண்ணைப் போட்டுக்கொண்டு இன்னொன்றின் விமானம் பறக்கும். பெட்டி விதியும் முனையமும் அதனால் மாறும்.

7. மாறும் நேரம் எவ்வளவு

இணையத்தில் ஒரு மணி பத்து நிமிட இணைப்பையும் விற்பார்கள். இளைஞர்கள் ஓடிப் பிடித்துவிடுவார்கள். முதன்முறை போகிறவர்களுக்கு இரண்டரை மணிக்குக் குறையாமலும் ஐந்து மணிக்கு மேல் போகாமலும் எடுங்கள். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் முனையம் மாற வேண்டியிருந்தால் பேருந்து ஏறி, மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும், அங்கே மூன்று மணி வையுங்கள்.

இன்னொன்று, சில டிக்கெட்டுகளில் ஒரே ஊரில் வேறு விமான நிலையத்துக்கு மாறச் சொல்வார்கள். ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுவது போல. சிறிய எழுத்தில் இருக்கும். விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு இறங்கும் இடத்திலும் ஏறும் இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

குளிர்காலத்தில், டிசம்பர் முதல் மார்ச் வரை, டொராண்டோவில் பனிப்புயல் தாமதம் சகஜம். அந்த மாதங்களில் திரும்பும் பயணத்துக்கு இடைநேரத்தைத் தாராளமாக விடுங்கள்.

8. எப்போது எடுத்தால் விலை குறையும்

கனடாவில் பள்ளி விடுமுறை ஜூன் கடைசி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை. அந்த மாதங்களும் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரமும் விலை உச்சம். பிப்ரவரியும், அக்டோபர் – நவம்பரும் பொதுவாக மலிவு. போக வர ஒரு லட்சம் ரூபாயை ஒட்டித் தொடங்கி, கோடை உச்சத்தில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். மூன்று, நான்கு மாதம் முன்பு எடுப்பது நடைமுறையில் நல்லது.

விலையை ஒப்பிடும்போது பெட்டி, இருக்கைத் தேர்வு, தேதி மாற்றும் கட்டணம் மூன்றையும் சேர்த்து ஒப்பிடுங்கள். பெற்றோர் பயணத்தில் திரும்பும் தேதி அநேகமாக மாறும். பேரன் பிறக்கத் தாமதமாகலாம், ஊரில் ஒரு சாவு விழலாம். தேதி மாற்ற அனுமதிக்கும் டிக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் இல்லை என்பேன்.

9. பெட்டி கட்டுவது

கனடா வழித்தடத்தில் எடையோடு எண்ணிக்கையும் கணக்கு. 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி, அல்லது ஒன்று. மிக மலிவான டிக்கெட்டுகளில் ஒன்றுகூட இராது. இரண்டின் எடையையும் சேர்த்துச் சமன் செய்ய முடியாது, ஒன்று 26 கிலோ, மற்றது 20 என்றால் 26 கிலோ பெட்டிக்குப் பணம் கேட்பார்கள். 32 கிலோவுக்கு மேல் ஒரே பெட்டியை ஏற்கவே மாட்டார்கள். வீட்டிலேயே தொங்கவிடும் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் எல்லாம் பெரிய பெட்டியில் போகட்டும். கைப்பையில் பொடி வைத்தால் சோதனையில் நிறுத்துவார்கள். ஊறுகாயும் நெய்யும் 100 மில்லிக்கு மேல் கையில் எடுத்துச் செல்ல முடியாது. இறைச்சி, கருவாடு, பால் பொருட்கள், விதை, செடி, பச்சைக் கறிவேப்பிலை ஆகியவற்றுக்குக் கனடாவில் தனித்தனி விதிகள் உண்டு. சந்தேகமானதை எடுத்துப் போகாதீர்கள். எடுத்துப் போனால் சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் 1,300 கனேடிய டாலர் வரை அபராதம். 10,000 கனேடிய டாலர் மதிப்போ அதற்கு மேலோ பணம் கொண்டு போனால் அதையும் சொல்ல வேண்டும்.

கைப்பையில் இருக்க வேண்டியவை: மருந்து, குறைந்தது ஒரு வாரத்துக்கு, மருத்துவரின் சீட்டோடு. பவர் பேங்க் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் கூடாது. ஒரு மாற்று உடை. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை போகிறவர்களுக்கு ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ்.

10. டிக்கெட் எடுத்தவுடன் செய்ய வேண்டிய மூன்று வேலை

சக்கர நாற்காலி: நடக்க முடிந்தவர்களாக இருந்தாலும் வயதானவர்களுக்குக் கேளுங்கள். கட்டணம் இல்லை. பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு பதிவு செய்யுங்கள். மூன்று விமான நிலையத்திலும் ஆள் வந்து அழைத்துப் போவார்கள், மொழி தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. "அதெல்லாம் எனக்கு எதுக்கு" என்று அப்பா மறுப்பார், அவருக்காக இல்லாவிட்டாலும் அம்மாவுக்காக என்று சொல்லிச் சம்மதிக்க வையுங்கள்.

சாப்பாடு: சைவம் என்றால் ஆசிய சைவ உணவு என்று கேளுங்கள். வெறுமனே சைவம் என்று போட்டால் வேகவைத்த காய்கறியும் ரொட்டியும் வரலாம். எதற்கும் இரண்டு வேளைக்கு எலுமிச்சை சாதமோ சப்பாத்தியோ கையில் இருக்கட்டும். இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும்.

இருக்கை: நடைபாதை ஓரம். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. இரண்டு மணிக்கு ஒரு முறை எழுந்து நடப்பதும் தண்ணீர் குடிப்பதும் அவசியம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்பட்டும்.

11. புறப்படும் நாள்

சென்னை மெட்ரோ விமான நிலையம் வரை போகிறது, ஆனால் நள்ளிரவில் ஓடாது. இரவு விமானத்துக்குக் கார்தான்.

ஒரு கோப்பில் இவை தாளாக இருக்கட்டும்: பாஸ்போர்ட், விசா அனுமதிக் கடிதம், போக வர டிக்கெட், அழைப்புக் கடிதம், காப்பீடு, அஞ்சல் குறியீட்டோடு பிள்ளையின் முகவரியும் தொலைபேசி எண்ணும். செல்பேசியில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் போனதும் கை கட்டியதுபோல் ஆகிவிடும். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு "நான் இன்ன விமானத்தில் டொராண்டோ போகிறேன், என் நுழைவாயிலைக் காட்டுங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். என் அம்மா அதை ஃபிராங்க்ஃபர்ட்டில் நாலு பேரிடம் காட்டியிருக்கிறார், நாலு பேரும் உதவியிருக்கிறார்கள்.

பெட்டியை ஒப்படைக்கும்போது ஒட்டும் சீட்டில் கடைசி ஊராக ஒய்.ஒய்.இசட். என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தின் குறியீடு. இடைவழி ஊரின் குறியீடோடு நின்றிருந்தால் அங்கேயே கேளுங்கள். இரண்டு விமானத்துக்கும் போர்டிங் பாஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

12. டொராண்டோவில் இறங்கியபின்

கனடாவில் இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் அரைவ்கேன் என்ற கனடா அரசின் செயலி மூலம் சுங்க அறிவிப்பை முன்கூட்டியே நிரப்பலாம். கட்டாயம் இல்லை, வரிசையில் நேரம் மிச்சமாகும், பிள்ளைகள் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்துவிடலாம்.

அதிகாரி கேட்பது நாலு கேள்வி: ஏன் வந்தீர்கள், யார் வீட்டில் தங்குகிறீர்கள், எத்தனை நாள், சாப்பாட்டுப் பொருள் என்ன கொண்டு வந்தீர்கள். உள்ளதைச் சொன்னால் போதும். சூப்பர் விசாவில் வருகிறவர்கள் காப்பீட்டுத் தாளைக் கையில் வைத்திருங்கள், கேட்பார்கள். எத்தனை நாள் தங்க அனுமதி கொடுத்தார்கள் என்று முத்திரையையோ தாளையோ அங்கேயே பாருங்கள்.

அழைக்கப் போகிறவர்கள் முனையத்தைச் சரிபாருங்கள். பியர்சனில் 1, 3 என்று இரண்டு முனையம், இடையே இலவச ரயில் ஓடுகிறது. விமானம் இறங்கிய நேரத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மணி கழித்துத்தான் வெளியே வருவார்கள், ஆகவே பதற்றப்பட வேண்டாம். கார் இல்லாதவர்கள் யு.பி. எக்ஸ்பிரஸ் ரயிலில் 25 நிமிடத்தில் நகர மையத்தில் உள்ள யூனியன் நிலையத்துக்குப் போகலாம். மாலை நேரத்தில் ஸ்கார்பரோ, ஏஜாக்ஸ் பக்கம் போக 401 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணிகூட ஆகும்.

பெட்டி வரவில்லை என்றால் அந்தக் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் பெட்டி மேசையில் புகார் எழுதி, எண் வாங்குங்கள். பெட்டிச் சீட்டின் பாதி உங்களிடம் இருக்க வேண்டும். பெரும்பாலும் அடுத்த விமானத்தில் வந்துவிடும், வீட்டுக்கே கொண்டு வந்து தருவார்கள். அதற்காகத்தான் முகவரியை அஞ்சல் குறியீட்டோடு தாளில் எழுதச் சொன்னேன்.